ஒரு மெட்டின் பூர்வீகம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் கூத்து அரங்கேற்றம் என்றால் ஊர் விடியும்வரை விழித்திருக்கும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள முனைக்காடு, மகிழடித்தீவு, முதலைக்குடா, அரசடித்தீவு ஊர்களில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வட்டக்களரியில் ஒரு தரு, அதாவது கூத்துப் பாட்டு, எழுந்ததும், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குள் ஒரு வழக்கும் எழும். "இது எங்கட அப்பப்பா காலத்து மெட்டு மனே" என்பார் வயதான ஒருவர். இந்தியாவில் சில காலம் இருந்து வந்தவர், இதே மெட்டைத் தஞ்சாவூர்ப் பக்கம் கும்மிக்குப் பாடக் கேட்டதாகச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் பெடியனுக்கு அது படப்பாட்டு.

மூவரும் கேட்டது ஒரே மெட்டு. மூவர் சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்கவும் கூடும். தஞ்சாவூர்க் கும்மியிலிருந்து படக்காரர் எடுத்திருக்கலாம். அந்தக் கும்மி மெட்டே பல தலைமுறைக்கு முன் கடல் கடந்து இங்கே வந்திருக்கலாம். இல்லையென்றால், எவரும் எவரிடமும் எடுக்காமல் இரண்டு இடத்திலும் தானாகவே ஒத்துப்போயிருக்கலாம். இந்தக் கடைசிச் சாத்தியத்தைக் களரியோரம் யாரும் சொல்வதில்லை. ஆனால் மெட்டு ஆராய்ச்சியில் முதலில் தீர்க்க வேண்டியது இதைத்தான்.

வம்சாவளி எழுதி வைக்காத ஒன்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறை எதுவரை வழிகாட்டும், எந்த இடத்தில் நம்மைக் கைவிடும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

சொல் அச்சேறியது

மட்டக்களப்புப் பாட்டுகளைத் தேடித் தொகுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தையும் நாட்டுப் பாடலையும் பல்கலைக்கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வீ.சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதினார். பிறகு கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். இவர்கள் இல்லையென்றால் பல பாட்டுகளின் ஓரடிகூட இன்று நமக்குக் கிடைத்திராது.

ஆனால் அச்சேறியது பெரும்பாலும் சொல். மெட்டு தொண்டையிலேயே இருந்தது. கூத்துக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். 'தரு', 'விருத்தம்', 'கொச்சகம்' என்று தலைப்பு இருக்கும். அந்தத் தருவை எப்படி எடுப்பது, எங்கே நீட்டுவது, எங்கே மத்தளத்துக்கு விடுவது என்பதெல்லாம் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம். பாத்திரங்களைப் பகிர்ந்து சட்டம் கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம்வரை அவர் வாயால் பாடிக் காட்டுவார். கூத்தர் வாங்கிப் பாடுவார்கள். அண்ணாவியார் போனால், அவரிடம் படித்தவர்களிடம் எஞ்சியது மட்டுமே மிச்சம். 1987 சனவரியிலும் 1991 சூனிலும் கொக்கட்டிச்சோலையில் நடந்த படுகொலைகளையும், அந்த ஆண்டுகளின் இடப்பெயர்வுகளையும் நினைக்கும்போது, சனங்களோடு சேர்ந்து எத்தனை மெட்டுகள் போயிருக்கும் என்ற எண்ணம் வராமல் இருக்காது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், 1882 முதல் 1898 வரை 305 ஆங்கில, ஸ்கொட்லாந்துக் கதைப்பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதிலும் சொல்லே முதன்மை. மெட்டுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அந்தப் பாட்டுகளின் மெட்டுகளையெல்லாம் தேடி அடுக்கி நான்கு பெருந்தொகுதிகளாக்கும் வேலையை இன்னொருவர், பெர்ட்ரண்ட் பிரான்சன், 1959 முதல் 1972 வரை செய்து முடித்தார். கணினி பரவாத காலத்திலேயே துளையிட்ட அட்டைகளைக் கொண்டு மெட்டுகளை வகைப்படுத்திப் பார்த்தவர் அவர். ஆயிரக்கணக்கான மெட்டுகளைக் காதால் மட்டும் ஒப்பிட முடியாது என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். அந்த வேலை மட்டக்களப்புக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

குரலிலிருந்து மெட்டைப் பிரித்தெடுத்தல்

ஒருவர் 'ஸ'வை நொடிக்கு 140 அதிர்வில் வைத்துப் பாடுகிறார். அவருடைய 'ப' 210 அதிர்வில் விழும். இன்னொரு வீட்டில் ஒரு பெண் 'ஸ'வை 220இல் வைக்கிறார். அவருடைய 'ப' 330. எண்கள் எல்லாம் வேறு. ஆனாலும் நம் காது இரண்டையும் ஒரே மெட்டு என்கிறது. ஏனென்றால் இருவரிடமும் 'ப'வுக்கும் 'ஸ'வுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு இரண்டு. ஆக, மெட்டு என்பது அதிர்வு எண்களில் இல்லை. அவற்றுக்கு இடையிலுள்ள தூரங்களில் இருக்கிறது. ஆகவே ஒப்பீட்டின் முதல் வேலை, ஒவ்வொரு பாடகரின் 'ஸ' எங்கே நிற்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே ஆதாரத்துக்குக் கொண்டுவருவது.

கேட்க எளிது, செய்யும்போதுதான் சிக்கல். ஆதாரத்தைத் தவறாக எடுத்தால் அதே சுரங்கள் வேறொரு பண்ணாகத் தோன்றிவிடும். பழந்தமிழிசைக்காரர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஒரு பாலையின் வெவ்வேறு நரம்பை முதலாக வைத்தால் வெவ்வேறு பாலை பிறக்கும் என்ற கணக்கு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை நம் காலத்தில் விரித்துக் காட்டியவர், இந்த வாவிக்கரை நாடு பெற்ற சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்தவர். அவருடைய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். மெட்டின் பூர்வீகம் தேடுபவர் முதலில் திறக்க வேண்டிய நூல்களில் அதை நான் வைப்பேன். பழம்பாட்டை ஆராயக் கணிதமும் காதும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும் என்று காட்டிய நூல் அது.

அடுத்தது, தூரத்தை அளக்கும் அலகு. ஒரு ஸ்தாயியை 1,200 நுண்பங்குகளாகப் பிரிப்பது வழக்கம். ஒரு நுண்பங்குக்கு 'சென்ட்' என்று பெயர். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையில் 100 சென்ட். 'ஸ'விலிருந்து சாதாரண காந்தாரம் 300இல், அந்தர காந்தாரம் 400இல். நாட்டுப் பாடகர் ஒருவர் 350இல் காந்தாரத்தை நிறுத்தினால், அவர் சுருதி விலகிவிட்டார் என்று கணக்கை முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு சரணத்திலும் அதே இடத்தில் அதே 350 வந்தால், அது அவருடைய மரபின் அடையாளம். ஆர்மோனியக் கட்டைக்கு இழுத்து எழுதிய நிமிடத்தில் அந்த அடையாளம் அழிந்துபோகும்.

மூன்றாவதாக, எல்லாச் சுரமும் ஒரே தரத்தவை அல்ல. தாளத்தின் அழுத்தம் விழும் இடம், அடி முடியும் இடம், பிற்பாட்டுக்காரர் வாங்கும் இடம் ஆகியவற்றில் நிற்கும் சுரங்களை இங்கே தங்குசுரம் என்று அழைப்போம். இடையில் வந்து போகிறவை வழிச்சுரம். இந்த இரண்டு சொல்லும் இருந்தால் மேலே போகலாம்.

நான்கு பாடகர்

ஒரு மாதிரி மெட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் கட்டியது இது. எந்த ஊரிலும் பதிவு செய்ததல்ல. நான்கு பேர் ஒரே பாட்டின் ஒரே அடியை இப்படிப் பாடுகிறார்கள் என்று வைப்போம். கோடு உள்ள இடத்தில் சுரம் இல்லை.

முதலாமவர்: ஸ – க ம ப | ம – க ரி ஸ

இரண்டாமவர்: ஸ ரி க ம ப | ம – க ரி ஸ

மூன்றாமவர்: ஸ ரி க ம ப | நி ப க ரி ஸ

நான்காமவர்: ஸ – க ம ப | நி ப க – ஸ

சுரங்கள் நேருக்கு நேர் வரும்படி இடம் விட்டு எழுதியிருக்கிறேன். வரிசை பொருத்துதல் என்பது இதுதான். உயிரியலாளர்கள் புரதங்களின் வரிசைகளை ஒப்பிட உருவாக்கிய வழி இது. இப்போது மெட்டுக்கும் வந்திருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது, மாறாதவை. நால்வரும் 'ஸ'வில் எடுக்கிறார்கள், நடுவில் 'ப'வில் தங்குகிறார்கள், 'ஸ'வில் முடிக்கிறார்கள். ஒரே பாட்டு என்று நம்மை நம்பவைப்பது இந்தத் தங்குசுரங்கள்தான்.

இனி, யார் யாருக்கு நெருங்கிய உறவு? முதற்பாதியை மட்டும் பார்த்தால், இரண்டாமவரும் மூன்றாமவரும் 'ரி' சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு கிளை. பிற்பாதியைப் பார்த்தால், மூன்றாமவரும் நான்காமவரும் 'நி' வரை தாவி 'ப'வுக்கு இறங்குகிறார்கள். அவர்கள் ஒரு கிளை. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மாற்றங்களை எண்ணிப் பார்ப்போம். இரண்டும் மூன்றும் ஒரு கிளை என்றால்: 'ரி' ஒருமுறை நுழைந்தது, 'நி ப' தாவல் தனித்தனியே இருமுறை வந்தது, நான்காமவர் பிற்பாதியில் 'ரி'யை விட்டார். ஆக நான்கு. மூன்றும் நான்கும் ஒரு கிளை என்றால்: தாவல் ஒருமுறை, 'ரி' நுழைந்தது இருமுறை, 'ரி' விடுபட்டது ஒருமுறை. இதுவும் நான்கு. எண்ணிக்கை நமக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஓலைச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். இரண்டு சுவடிகள் ஒரே இடத்தில் ரகரத்தையும் றகரத்தையும் மாற்றி எழுதியிருந்தால், அதை வைத்து உறவு சொல்ல மாட்டார்கள். யார் கையிலும் வரக்கூடிய பிழை அது. ஆனால் இரண்டு சுவடியிலும் ஒரே இடத்தில் ஒரே நான்கு அடிகள் விடுபட்டிருந்தால், இரண்டும் ஒரு தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதியவை என்று துணிவார்கள். எளிதில் நேரக்கூடிய மாற்றம் பலவீனமான சாட்சி. அரிதாக நேரும் மாற்றம் பலமான சாட்சி.

'ஸ'வுக்கும் 'க'வுக்கும் நடுவே 'ரி'யைத் தொட்டுச் செல்வது எந்தப் பாடகரும் தன்னை அறியாமலே செய்வது. 'ப'விலிருந்து 'நி'க்குத் தாவி அதே 'ப'வுக்குத் திரும்புவது அப்படியல்ல. அதை இருவர் தனித்தனியே கண்டுபிடித்து அதே இடத்தில் வைத்திருப்பார்கள் என்பதைவிட, ஒருவரிடமிருந்து இருவரும் பெற்றார்கள் என்பதே நம்பத்தக்கது. ஆகவே மூன்றாமவரும் நான்காமவரும் ஒரு கிளை.

அடுத்த கேள்வி: 'ம'வா தாவலா, எது பழையது? நால்வரையும் எவ்வளவு விசாரித்தாலும் பதில் வராது. குடும்பத்துக்குச் சற்று வெளியே உள்ள ஒரு சாட்சி வேண்டும். அதே தங்குசுரங்களில் நடக்கும் ஒரு தாலாட்டு வாவியின் கிழக்கே எழுவான்கரையில் கிடைக்கிறது என்று வைப்போம்: ஸ – க – ப | ம – க ரி ஸ. இதில் தாவல் இல்லை, முற்பாதியில் 'ரி'யும் இல்லை. அப்படியானால் தாவல் பின்னால் வந்தது. முதலாமவர் பாடுவது பழைய வடிவத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அவர் வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. இருபது வயதுப் பெடியனிடமும் பழைய வடிவம் இருக்கலாம்.

இன்னொரு வாய்ப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாமவர் இரண்டாமவரிடமும் நான்காமவரிடமும் கேட்டு, இரண்டையும் கலந்து பாடியிருக்கலாம். படுவான்கரையில் அது மிக இயல்பு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை மண்முனைத்துறையில் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வாவி ஒருபோதும் மதிலாக இருக்கவில்லை. எழுவான்கரைப் போடிமாருக்கு, அதாவது நிலக்கிழாருக்கு, இந்தக் கரையில் வயல் வட்டைகள் இருந்தன. விதைப்புக்கும் வெட்டுக்கும் ஆட்கள் வந்து வாடி போட்டுத் தங்கினார்கள். வரம்பில் நின்று கவி பாடினார்கள். களத்தில் சூடு மிதிக்கும்போது எருமையை ஓட்டிப் பொலி பாடினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் கவி பாடிய நாடு இது. ஒரே வெட்டுக் காலத்தில் நாலைந்து ஊர்த் தொண்டைகள் ஒரு வட்டையில் சேர்ந்தால் மெட்டுகள் கலக்காமல் இருக்குமா? ஆகவே மெட்டைப் பதியும்போது, அதை யாரிடம் கற்றார், எந்தெந்த ஊரில் வேலைக்குப் போனார் என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும். அது இல்லாத பதிவு பாதிச் சாட்சி.

தற்செயல் எத்தனை பங்கு?

தஞ்சாவூரில் கேட்டது இங்கே கேட்டதைப் போல் இருக்கிறது என்றால், அது எவ்வளவு வியப்புக்குரியது? இதை எண்ணிப் பார்க்கலாம்.

எட்டு இடங்கள், ஐந்து சுரங்கள். எந்த இடத்திலும் எந்தச் சுரமும் வரலாம் என்றால் 390,625 மெட்டுகள் கட்டலாம். இத்தனையில் இரண்டு ஒத்துப்போவது அரிது என்றுதான் தோன்றும். ஆனால் மனிதர் அப்படிப் பாடுவதில்லை. 'ஸ'வில் எடுத்து 'ஸ'வில் முடிப்போம். பெரும்பாலும் பக்கத்துச் சுரத்துக்கே நகர்வோம். இந்த இரண்டையும் விதியாக்குங்கள்: முதலும் கடைசியும் 'ஸ', ஒவ்வொரு நகர்விலும் அதே சுரத்தில் நிற்கலாம், ஒரு படி ஏறலாம், அல்லது ஒரு படி இறங்கலாம், 'ஸ'வுக்குக் கீழே போகக் கூடாது. இப்போது எத்தனை மெட்டு? 127. அவ்வளவுதான்.

மூன்று லட்சத்து தொண்ணூறாயிரம் 127 ஆகிவிட்டது. இரண்டு கடற்கரைகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பெண்கள், பிள்ளையைத் தூங்கவைக்க எட்டுச் சுரத்தில் ஓரடி பாடினால், இரண்டும் ஒன்றாயிருப்பது அதிசயமே அல்ல. 'எங்கட மெட்டை அவர்கள் எடுத்துவிட்டார்கள்' என்று எழும் பெரும்பாலான சண்டைகள் இந்த 127க்குள்தான் நடக்கின்றன.

நீளம் கூடினால் கதை மாறுகிறது. அதே விதிகளோடு மேல் 'ஸ'வரை போகவிட்டு, அடியைப் பதினாறு இடமாக்கினால் 310,572 மெட்டுகள் வரும். ஓரடி ஒத்துப்போவதற்கும் முழுச் சரணமே ஒத்துப்போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு அரிய தாவலும் அதே இடத்தில் சேர்ந்து வந்தால் தற்செயல் என்ற பேச்சுக்கு இடம் குறைந்துகொண்டே போகும்.

தாளத்துக்கும் இதே எச்சரிக்கை. 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக நடக்கும் பாட்டுகள் கும்மியிலும் சிந்திலும் கூத்திலும் உலகெங்கும் உண்டு. நடை ஒன்று என்பதால் உறவு என்று சொல்ல முடியாது.

பத்தாயிரம் மெட்டுகளில் கண்டது

எந்த மாற்றம் எளிது, எது அரிது என்பதை நான் மேலே காதின் அனுபவத்தால் சொன்னேன். அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பேட்ரிக் சாவேஜ் என்ற இசையியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 10,062 ஆங்கில, ஜப்பானிய நாட்டுப் பாட்டு மெட்டுகளைக் கணினியில் வரிசை பொருத்தினார்கள். மிக நெருங்கிய உறவுள்ள 328 இணைகள் கிடைத்தன. அந்த இணைகளுக்குள் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எண்ணி 2022இல் வெளியிட்டார்கள்.

தங்குசுரங்கள் குறைவாகவே மாறியிருந்தன. ஒரு சுரம் இன்னொன்றாக மாறுவதைவிட, ஒரு சுரம் புதிதாக நுழைவதும் விடுபடுவதும் அதிகம். மாறும்போதும் பக்கத்துச் சுரமாகவே மாறியிருந்தது. தூரத் தாவல் அரிது. ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் மொழியில், சுர அமைப்பில், பாடும் முறையில் எவ்வளவு தூரம்! ஆனாலும் இரண்டிலும் மாற்றத்தின் போக்கு ஒன்றாகவே இருந்தது. நம்முடைய நான்கு பாடகர் கணக்கில் 'ரி'யைப் பலவீனமான சாட்சி என்றும் தாவலைப் பலமான சாட்சி என்றும் நான் எடுத்ததற்கு இதுவே ஆதாரம்.

அரிய அடையாளத்தின் பலத்துக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஹங்கேரியின் சொல்தான் கொடாய், தன் நாட்டின் பழைய ஐஞ்சுரப் பாட்டுகளில், முதற்பாதி மெட்டு அப்படியே ஐந்து சுரம் கீழே இறங்கி மறுபடி வருவதைக் கவனித்தார். அதே அமைப்பு கிழக்கே வொல்கா ஆற்றங்கரை மாரி, சுவாஷ் மக்களின் பாட்டுகளிலும் இருந்தது. வெறும் ஐஞ்சுரம் என்றால் உலகில் பாதி இடத்தில் இருக்கிறது. ஐஞ்சுரத்தோடு இந்த இறக்கமும் சேர்ந்ததுதான் அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

வாவியின் மறுகரையில் ஒரு சாட்சி

கொக்கட்டிச்சோலையிலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குப் போனால், வரலாறு தேதி குறித்து வைத்த ஒரு பாட்டு மரபு காத்திருக்கிறது. போர்த்துக்கேயர் புளியந்தீவில் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்து ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயரின் ஆட்சி போனது. அவர்களுடைய மொழி அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் கலப்பு வடிவில் இன்றுவரை இருக்கிறது. அதில் பாட்டும் இருக்கிறது. கல்யாண வீட்டில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆடிப் பாடுவார்கள். 2004 ஆழிப்பேரலை டச்பார்ப் பகுதியைத் தாக்கியபோது அந்தச் சிறு சமூகத்துக்கு நேர்ந்த இழப்பு மிகப் பெரிது.

இந்தப் பாட்டுகளுக்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பிரித்தானிய அரச அலுவலராக இருந்த ஹியூ நெவில் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளில் இலங்கைப் போர்த்துக்கேயப் பாட்டுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அவருடைய சேகரிப்பு இப்போது பிரித்தானிய நூலகத்தில். பின்னர் கென்னத் டேவிட் ஜாக்சன் மட்டக்களப்பில் பாடிய அடிகளைப் பதிந்து, ஆசியாவின் மற்றப் போர்த்துக்கேயக் கலப்பு மொழிச் சமூகங்களின் பாட்டுகளோடு ஒப்பிட்டு 1990இல் நூலாக்கினார். 'சிங்கெல நோனா' என்று இங்கே பாடப்படுவதன் உறவுக்காரி மலாக்காவில் 'ஜிங்க்லி நோனா'வாக வாழ்கிறாள்.

காலத்தை யோசித்துப் பாருங்கள். மலாக்கா 1511இல் போர்த்துக்கேயர் கைக்கு வந்து 1641இல் போனது. இலங்கையில் அவர்களின் கடைசி இடம் 1658இல் போனது. இந்தப் பாட்டு அந்த ஆட்சிக் காலத்திலேயே இரண்டு துறைமுகங்களுக்கும் பரவியிருக்கலாம். பிறகு இரண்டையும் ஆண்ட ஒல்லாந்தரின் கப்பல்களில் வேலை செய்தவர்களும் கொண்டுபோயிருக்கலாம். இரண்டு வழியானாலும் கடல்தான் பாதை.

இங்கே அவசரப்படக் கூடாது. பொதுவாக இருப்பதாக உறுதிப்பட்டது அடிகள், அதாவது சொல். சொல்லும் மெட்டும் எப்போதும் சேர்ந்தே பயணம் போவதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் வாத்தியக் குழுக்களிடம் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். அவருடைய 'சந்ததம் பாஹிமாம்' பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டில் நடக்கிறது: ஸ ஸ ரி நி ஸ ரி, க க ம க ரி ஸ. 'நி' கீழ் ஸ்தாயி. மெட்டு வந்தது, சொல்லைக் கரையிலேயே விட்டுவிட்டது. மலாக்காவில் இன்னொரு வகை நடந்தது. அங்கே இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் போர்த்துக்கேய ஆட்டப்பாட்டுகளில் பல, 1950களில் போர்த்துக்கலிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவை என்று மார்கரெட் சர்க்கிசியன் ஆராய்ந்து காட்டினார். பழையதாகத் தோன்றும் ஒரு மெட்டு, நேற்று வந்ததாகவும் இருக்கலாம்.

படுவான்கரையில் செய்யக்கூடிய சோதனை

எல்லா மெட்டுக்கும் வேர் தேடுவது பலன் தராது. நீளமாக இருக்க வேண்டும். பல இடங்களில் பாடப்பட வேண்டும். எங்கிருந்து வந்திருக்கலாம் என்று வரலாறு சில வழிகளையாவது காட்ட வேண்டும். இந்த மூன்றும் பொருந்துவது கண்ணகி பாட்டு என்பது என் கருத்து.

வைகாசியில் இந்தப் பகுதியின் அம்மன் கோயில்களில் கதவு திறந்து, வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளுத்தியோடு சடங்கு நிறையும். கண்ணகி சடங்கோடு சேர்ந்ததுதான் வசந்தனும் கொம்புமுறியும். வடக்கே முல்லைத்தீவின் வற்றாப்பளையிலும் கண்ணகிக்குப் பொங்கல் நடக்கிறது. சிங்களவர் பத்தினி தெய்வத்துக்குக் கம்மடுவச் சடங்கு செய்து முப்பத்தைந்து நூற்பகுதிகள் கொண்ட பாடல் தொகுதியைப் பாடுகிறார்கள். நம் கொம்புமுறியை ஒத்த அங்கெலிய விளையாட்டும் அவர்களிடம் உண்டு. கணநாத் ஒபேசேகர 1984இல் எழுதிய பெருநூல் முழுக்க இதைப் பற்றியது. கேரளத்தின் தெற்கே ஆற்றுக்கால் பகவதி கோயிலில் கண்ணகி கதை தோற்றம்பாட்டாக ஒலிக்கிறது. ஒரே கதை, மூன்று மொழி, நான்கு நிலம்.

சொல்லை ஒப்பிடும் வேலை நிறையவே நடந்திருக்கிறது. மெட்டுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவு. ஒவ்வொரு இடத்திலும் சடங்கு நடத்தும் கட்டாடியார் அல்லது அந்த மரபின் பாடகர் முழுச் சடங்கில் பாடுவதைப் பதிய வேண்டும். அதே பகுதியை அவரே இன்னொரு நாள் பாடுவதையும் பதிய வேண்டும். ஒரே தொண்டை இரண்டு நாளில் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்த பின்தான், இரண்டு ஊருக்கு நடுவிலுள்ள மாற்றம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். பிறகு ஆதாரச் சுரத்தை நிறுத்தி, அடி முடியும் தங்குசுரங்களையும் அரிய தாவல்களையும் மட்டும் எடுத்துப் பொருத்த வேண்டும். நடையையும் ஐஞ்சுரமா ஏழுசுரமா என்பதையும் உறவுக்குச் சாட்சியாக எடுக்கக் கூடாது.

முடிவுகள் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. படுவான்கரையும் ஆற்றுக்காலும் அரிய தாவல்களில் ஒத்து, கம்மடுவ விலகி நின்றால், கதையோடு மெட்டும் மேற்குக் கடல் வழியே வந்தது என்ற எண்ணம் வலுக்கும். படுவான்கரையும் வற்றாப்பளையும் கம்மடுவவும் ஒத்து ஆற்றுக்கால் விலகினால், மெட்டு இந்தத் தீவிலேயே, மொழி எல்லையைப் பொருட்படுத்தாமல் வளர்ந்தது. நான்கும் தங்குசுரத்தில் மட்டும் ஒத்து வேறெதிலும் ஒத்துவராவிட்டால், அது 127 கணக்கைச் சேர்ந்தது. உறவு சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நான்கும் நான்கு வழியானால், கண்ணகி ஒவ்வொரு ஊருக்கும் சொல்லாக வந்தாள், மெட்டை அந்தந்த ஊர் தன்னுடைய வயலிலிருந்தும் தாலாட்டிலிருந்தும் எடுத்துக் கொடுத்தது என்று பொருள். அப்படியானால் அடுத்துப் பதிய வேண்டியது குளுத்திப் பாட்டை அல்ல; மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் வயதான பெண்கள் இன்னும் பாடும் தாலாட்டை.